முகம் தெரியாதவருக்காக ஒரு பூட்டு!

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட நாள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் பல ஆண்டுகளாக நிழல் தந்த மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. பல தெருக்களுக்குக் கரன்ட் திரும்பிவர நாள் கணக்கில் ஆனது. மேல்தொட்டி காலி. லிஃப்ட் ஓடவில்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. ‘எவ்வளவு கேட்டாலும் கொடுத்துடலாம், ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவாப்பா’ என்பதுதான் இப்படிப்பட்ட நேரத்தில் அடுக்ககங்களில் கேட்கும் குரல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் அதே கதைதான்.

சரி, வாடகை ஜெனரேட்டர் வந்துவிட்டது. அதைக் கட்டடத்தின் லைனில் எப்படி இணைப்பது? அவசரத்துக்கு வருபவர் செய்யும் சுலபமான வேலை, ஜெனரேட்டர் ஒயரை நேராக மெயின் போர்டில் கொடுத்துவிடுவது. மெயின் சுவிட்சை முதலில் ஆஃப் செய்துவிட்டால் பிரச்னை இல்லை என்று நினைப்பார். மறந்துவிட்டால்?

கட்டடத்துக்குள் மட்டும் ஓடவேண்டிய மின்சாரம் வெளியே கிளம்பிவிடும். தெருமுனை பிளாட்பாரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ்வரை போகும். ‘ஃபியூஸைப் பிடுங்கியாச்சு, லைன்ல கரன்ட் இல்லை’ என்ற நம்பிக்கையில் மின்வாரிய ஊழியர் ஒருவர் அங்கே கை வைத்திருக்கலாம். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டால் இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்ற அளவுக்கு இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கமாக வரும் மின்சாரத்தை 11,000 வோல்ட்டாக ஏற்றியும் அனுப்பும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

இதைத் தடுக்கத்தான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரே கைப்பிடி. ஒரு பக்கம் தள்ளினால் ஈ.பி., மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் வைத்தால் ஆஃப். இரண்டையும் ஒரே நேரத்தில் இணைக்க வேண்டுமென்று ஒருவர் அடம்பிடித்தாலும் முடியாது. ஞாபகமாகச் செய்யவேண்டிய வேலையை மனிதரிடமிருந்து வாங்கி, இரும்பிடம் கொடுத்துவிட்டார்கள்.

‘இது இப்படி இருந்தால்தான் அது நடக்கும்’ என்று கருவிக்குள்ளேயே வைக்கும் இந்தத் தடைக்குப் பெயர் இன்டர்லாக். தொழிற்சாலைகளில் தினமும் புழங்கும் சொல். வீடுகளில் பெயர் தெரியாமலே புழங்கும் பொருள்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் யாரைக் காப்பாற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜெனரேட்டர் போட்டவரையா? அவருக்கு அதனால் செலவுதான். தெருமுனையில் நிற்கிற, அவர் பார்த்தே இராத ஒருவரைத்தான் அது காப்பாற்றுகிறது. இன்டர்லாக்கின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. அதை எளிதாகக் கழற்றி எறிந்துவிடுவதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் பூட்டுகள்

முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின், உள்ளே தண்ணீரோடு சுற்றும்போது கதவைத் திறக்கவிடாது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்த நொடியில் சூடாக்குவது நின்றுவிடும். சில மிக்ஸிகள், ஜாரும் மூடியும் சரியாக உட்காராவிட்டால் சுற்றவே சுற்றாது. எல்லாம் இன்டர்லாக்தான்.

பழைய அடுக்ககங்களில் கிரில் கதவு வைத்த லிஃப்ட் இருக்கும். ஏதோ ஒரு மாடியில் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால், மற்ற மாடிக்காரர்கள் எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் லிஃப்ட் அசையாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால், திறந்திருக்கும் கதவின் முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்கலாம் என்பதற்காகத்தான் லிஃப்ட் அங்கே நிற்கிறது.

சம்ப் மோட்டாருக்கு வருவோம். சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடக்கூடாது. மேல்தொட்டி நிறைந்தாலும் ஓடக்கூடாது. ஒரு சின்ன கன்ட்ரோலர் இதைப் பார்த்துக்கொள்ளும். ஒருநாள் சென்சாரில் அழுக்குப் படிந்துவிடும். சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாது. எலெக்ட்ரீஷியன் வருவார். இரண்டு ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிடுவார். “இப்போதைக்கு ஓடட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. கோடையில் சம்ப் வறளும். மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகும்.

அந்த முறுக்கிய ஒயருக்குத் தொழிலில் ‘பைபாஸ்’ என்று பெயர். சம்ப்பில் அதனால் போவது சில ஆயிரம் ரூபாய். லிஃப்ட் கதவில் அதையே செய்தால்?

1856-ல் இரண்டு தொடக்கங்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடியது. அதே 1856-ல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் ரயில்வேக்காக ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தைத் திருப்பும் பாயின்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் கருவி அது.

அதற்கு முன் பாயின்ட்டும் சிக்னலும் தனித்தனி. பாயின்ட் ஒரு பக்கம் திரும்பியிருக்க, சிக்னல் வேறு பாதைக்கு வழிவிடலாம். தடுப்பதற்குச் சிக்னல்காரரின் கவனத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. பிணைத்த பிறகு, பாயின்ட் சரியான பக்கத்தில் உட்காராவிட்டால் சிக்னல் நெம்புகோல் அசையாது. சிக்னல் கொடுத்துவிட்டால் பாயின்ட் நெம்புகோல் அசையாது. இரும்புப் பட்டைகள் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று விழுந்து பூட்டிக்கொள்ளும்.

பின்னால் இரும்புப் பட்டைகளின் இடத்துக்கு மின்சார ரிலேக்கள் வந்தன. அதற்கும் பின்னால் கம்ப்யூட்டர் வந்தது. இன்று பல ரயில் நிலையங்களில் இந்த வேலையைச் செய்வது எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங். பூட்டு மாறினாலும் விதி மாறவில்லை: இது முடிந்தால்தான் அது.

செம்மங்குப்பம் சொன்ன பாடம்

2025 ஜூலை 8, காலை. கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

அந்த கேட்டில் ஆள் இருந்தார். கதவு இருந்தது. இல்லாதது இன்டர்லாக். இன்டர்லாக் உள்ள கேட்டில், கதவு இறங்கிப் பூட்டிக்கொண்டால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். பச்சை விழுந்தபிறகு ரயில் கடக்கும்வரை கேட்டைத் திறக்க முடியாது. இன்டர்லாக் இல்லாத கேட்டில், நிலைய அதிகாரி போனில் சொல்வார்; கேட் கீப்பர் மூடிவிட்டு, உறுதிக்காக ஓர் எண்ணைச் சொல்வார். கதவுக்கும் சிக்னலுக்கும் நடுவே இருப்பது ஒரு போன் பேச்சு மட்டுமே.

கேட் மூடப்பட்டதாகத் தகவல் போயிருந்தது, ஆனால் மூடப்படவில்லை என்பது ரயில்வே விசாரணையில் தெரியவந்தது. கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். தவறு செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும்தான். ஆனால், ஒரு மனிதர் ஒருநாள் காலையில் தவறினால் ஒரு வேன் நிறையக் குழந்தைகளின் உயிர் போகும் என்ற நிலையில் ஒரு கேட் ஏன் இருக்கவேண்டும்? 

ரயில்வேயும் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. எந்த கேட்டுக்கு இன்டர்லாக் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கிப் பார்ப்பார்கள். அந்த எண் 20,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக் என்று இருந்ததை, விபத்துக்குப் பிறகு 10,000 என்று குறைத்தார்கள். நாளுக்கு 20 ரயில்களும் 500-க்கு மேற்பட்ட வண்டிகளும் கடக்கும் கிராமத்து கேட்கூட இப்போது அந்தக் கணக்குக்குள் வரும்.

நெம்மேலித் தண்ணீரும் ஒரு அட்டவணையும்

தென்சென்னை வீடுகளுக்கு வரும் மெட்ரோ வாட்டரில் ஒரு பங்கு கடலிலிருந்து வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டரும், 2024-ல் தொடங்கிய அடுத்த ஆலை 15 கோடி லிட்டரும் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை.

இதுபோன்ற ஆலையின் இதயம், கடல்நீரை மெல்லிய சவ்வுகள் வழியாகப் பிழியும் பெரிய பம்ப். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல சுமார் 30 மடங்கு அழுத்தத்தில் அது தள்ளவேண்டும். அந்த பம்ப்பை நம் சம்ப் மோட்டார்போல ஒரு பட்டனில் ஓடவிட முடியுமா? முடியாது.

பம்ப்புக்கு வரும் வழியில் போதுமான தண்ணீர் இருக்கிறதா? வெளியேறும் வழியில் வால்வு திறந்திருக்கிறதா? நீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா? (இருந்தால் சவ்வு கெட்டுப்போகும்.) மோட்டாரின் பேரிங் சூடாகிறதா? இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகுதான் பம்ப் சுற்ற வேண்டும். ஓடும்போது ஒரு பதில் மாறினாலும் நிற்க வேண்டும்.

இதைப் பார்த்துக்கொள்வது பி.எல்.சி. என்ற சின்னத் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர். 1960-களின் இறுதியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளின் தேவைக்காகப் பிறந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியபோதே இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜியைத் தனிப் பிரிவாக வைத்தது. அந்தப் படிப்பைப் படித்தவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று, இந்தப் பூட்டுகளை மென்பொருளில் அமைப்பது.

வேலை கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. இடப்பக்கம் வரிசையாகக் காரணங்கள்: தண்ணீர் குறைவு, வால்வு மூடல், சூடு அதிகம். மேலே வரிசையாக விளைவுகள்: பம்ப் நிற்கும், வால்வு மூடும், மணி அடிக்கும். எந்தக் காரணத்துக்கு எந்த விளைவோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி. பள்ளிக்கூட டைம்டேபிள் போன்ற அட்டவணைதான். ஆனால், அந்த ஆலையை இருபது வருடம் ஓட்டிய ஃபோர்மேனும் கம்ப்யூட்டர் எழுதும் இளைஞரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போட வேண்டிய அட்டவணை. ஃபோர்மேனுக்குத் தெரிந்ததில் ஒரு கட்டம் விடுபட்டால் அது மென்பொருளில் இருக்காது. மென்பொருளில் இல்லாதது ஆபத்து வரும் நாளில் உதவாது.

பிறகு நான்கு கேள்விகள்.

ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? நல்ல இன்டர்லாக்கில், ‘எல்லாம் சரி’ என்பதற்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எலி கடித்து ஒயர் அறுந்தால் இயந்திரம் நிற்கும். மாறாக, ‘ஆபத்து’ என்றால்தான் மின்சாரம் வரும் என்று அமைத்துவிட்டால், ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து வரும்போது சொல்ல ஆள் இருக்காது.

எவ்வளவு நேரம் பொறுப்பது? குழாயில் ஒரு நொடி அழுத்தம் குறைந்து உடனே சரியாகலாம். அதற்கெல்லாம் பம்ப் நின்றால் வேலை நடக்காது. ஒரு நாளில் பத்து முறை காரணமில்லாமல் நிற்கும் இயந்திரத்தின் பூட்டை, பதினோராவது முறை யாராவது கழற்றிவிடுவார்கள். ஆகவே, சரியான நேரத்தை அமைப்பதும் பாதுகாப்பில் ஒரு பங்கு.

நின்றது தானாக மறுபடி ஓடலாமா? கூடாது. நின்ற பம்ப்பைப் பார்க்கப் போன ஃபிட்டரின் கை உள்ளே இருக்கலாம். அழுத்தம் சரியானதும் பம்ப் தானே கிளம்பினால் அந்தக் கையின் கதி என்ன? ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, ரீசெட் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும்.

எதனால் நின்றது என்று தெரியுமா? ஒன்று நின்றால் பின்னாலேயே பத்து நிற்கும். திரையில் பத்து சிவப்பு விளக்குகள் எரியும். முதலில் எது எரிந்தது என்று காட்டும்படி அமைக்காவிட்டால், ஓட்டுபவர் தவறான ஒன்றைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளி

அடையாறு என்றால் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. கதிர் சிகிச்சை பெற்ற எவருக்கும் அந்தச் சிகிச்சை அறை தெரியும். தடித்த சுவர். கனமான கதவு. உள்ளே நோயாளி மட்டும் படுத்திருப்பார். கருவியை இயக்குபவர் வெளியே இருப்பார். கதவு திறந்திருந்தால் கதிர் வராது. இதுவும் இன்டர்லாக்தான்.

இத்தகைய கருவி ஒன்றின் கதையை உலகம் முழுவதும் இன்ஜினீயரிங் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கருவியின் பெயர் தெராக்-25. கனடாவில் தயாரானது. எலெக்ட்ரான், எக்ஸ்ரே என்று இரண்டு விதமாகச் சிகிச்சை தரும். எக்ஸ்ரேக்குப் பல மடங்கு வலுவான கதிர் தேவை. அந்த நேரத்தில் குறுக்கே ஒரு தடுப்பு வந்து நிற்கவேண்டும். தடுப்பு இல்லாமல் வலுவான கதிர் நேரே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு முந்தைய தெராக்-20 கருவியில் இந்தத் தவறைத் தடுக்க, தனி மின்சுற்றுகளாகவே பூட்டுகள் இருந்தன. தெராக்-25-ல் அவற்றை எடுத்துவிட்டு, மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரால் தாக்கப்பட்டார்கள். சிலர் இறந்தார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986-ல் நடந்ததுதான் குட்டை உடைத்தது. இயக்குபவர் தவறுதலாக எக்ஸ்ரே என்று தட்டிவிட்டு, சட்டென்று எலெக்ட்ரான் என்று திருத்தினார். பழகிய கை, சில நொடிகளில் முடித்துவிட்டார். அந்த வேகத்தை மென்பொருள் எதிர்பார்க்கவில்லை. திரையில் திருத்தம் தெரிந்தது. கருவிக்குள் பாதிதான் மாறியிருந்தது. ‘கோளாறு 54’ என்று ஒரு வரி வந்தது. அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கருவியில் இதுபோன்ற வரிகள் அடிக்கடி வருவதும், ஒரே ஒரு விசையைத் தட்டித் தொடர்வதும் வழக்கம். தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளி துடித்தது அவருக்குத் தெரியவில்லை. அறையைக் காட்டும் வீடியோவும் குரல் கேட்கும் கருவியும் அன்று வேலை செய்யவில்லை.

பிறகு ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. அதே பிழை பழைய தெராக்-20-ன் மென்பொருளிலும் இருந்தது. அங்கே அது யாரையும் தொடவில்லை. தனியாக இருந்த பூட்டு தடுத்ததில் ஃபியூஸ் மட்டும் போனது.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மென்பொருள் பூட்டு ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று தொழில் கற்றுக்கொண்டது இப்படித்தான். லிஃப்ட்டில் எத்தனை நவீன கன்ட்ரோலர் வந்தாலும் கதவுப் பூட்டுக்கென்று தனி மின்சுற்று இருக்கிறது. புது அடுக்ககங்களில் கரன்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானே கிளப்பும் ஏ.எம்.எஃப். பேனல் இருக்கிறது. எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், எவ்வளவு வோல்டேஜ் வந்தால் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் கன்ட்ரோலரில் அமைத்துக்கொள்ளலாம். ஆனாலும், ஈ.பி., ஜெனரேட்டர் இரண்டும் சேர்ந்துவிடாமல் இருக்க உள்ளே ஓர் இரும்புப் பூட்டும் இருக்கவேண்டும்.

பூட்டே பொய் சொன்னால்?

2023 ஜூன் 2 மாலை. ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு, ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹாநகா பஜார் நிலையத்தில் நேர்ப்பாதையில் பச்சை விளக்கு எரிந்தது. ரயில் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வந்துகொண்டிருந்தது. பாயின்ட் கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. அந்த மோதலில் தடம்புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் போன இன்னொரு ரயிலையும் தாக்கின. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்டர்லாக் இருந்த நிலையம்தான் அது. பாயின்ட் நேராக இருக்கிறது என்று அதற்குத் தவறான செய்தி போனது. பக்கத்து ரயில்வே கேட்டின் தடுப்பை மாற்றும் வேலை அன்று நடந்துகொண்டிருந்தது. அதற்காக ஒயர்கள் மாற்றப்பட்டன. கேட்டருகே இருந்த பெட்டியில் ஒயர்களுக்கு எழுதியிருந்த பெயர்கள் பல ஆண்டுகளாகவே தவறாக இருந்தன என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை கண்டறிந்தது. ஓராண்டுக்கு முன், 2022 மே 16-ல், அதே காரக்பூர் கோட்டத்தில் பாங்க்ரா நயாபாஸ் நிலையத்திலும் தவறான ஒயரிங்கால் இதுபோன்ற சம்பவம் நடந்திருந்ததையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்றும் சொன்னது.

பூட்டு வைப்பதோடு வேலை முடியவில்லை என்பதற்கு இதைவிட வேதனையான சாட்சி வேண்டாம். பூட்டைத் தொடும் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும், அது பூட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். அதைப் பார்க்கும் முறையும் விசேஷமானது. ‘எல்லாம் சரியாக இருக்கும்போது ஓடுகிறதா?’ என்று பார்த்தால் போதாது. ‘ஒன்று சரியில்லாதபோது ஓட மறுக்கிறதா?’ என்று பார்க்கவேண்டும். பாயின்ட்டைத் தவறான பக்கம் வைத்துவிட்டுப் பச்சை விழாமல் இருக்கிறதா என்று சோதிப்பதுதான் சோதனை. அட்டவணையில் நாற்பது காரணங்கள் இருந்தால் நாற்பதையும் ஒவ்வொன்றாக உண்டாக்கிப் பார்க்கவேண்டும். அலுப்பான வேலை. அதனால்தான் பல இடங்களில் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

‘இப்போதைக்கு’ என்பதற்கு ஒரு கெடு

பைபாஸே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை போன்ற சுரங்க மெட்ரோ நிலையங்களில் பிளாட்பார ஓரம் கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. கதவுகள் எல்லாம் மூடினால்தான் ரயில் கிளம்ப அனுமதி. ஒரு கதவின் சென்சார் பழுதானால் அந்தத் தடத்தின் ரயில்கள் அத்தனையும் நின்றுவிடக்கூடாது. ஆகவே, இத்தகைய கதவுகளுக்கு உலகெங்கும் ஒரு மாற்றுச் சாவி உண்டு. ஊழியர் நேரில் நின்று, ஆள் யாரும் கதவிடுக்கில் இல்லை என்று பார்த்து, அந்தச் சாவியைத் திருப்புவார். சென்சாரின் கண்ணுக்குப் பதிலாக மனிதக் கண்.

சம்ப் ஒயரை முறுக்கிவிட்டுப் போனதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே யார் செய்தார் என்று தெரியும். ஏன் என்று தெரியும். பூட்டு இல்லாத நேரத்தில் அதற்குப் பதில் யார் நிற்கிறார் என்று தெரியும். எப்போது பழையபடி ஆகும் என்றும் தெரியும். ஒழுங்கான ஆலைகளில் மென்பொருளில் ஒரு இன்டர்லாக்கை நிறுத்தவேண்டுமானால் ஓட்டுபவர் தானாக முடிவெடுக்க முடியாது. மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். பதிவேட்டில் பெயரும் நேரமும் காரணமும் ஏறும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும். கெடு முடிந்தால் திரையில் எச்சரிக்கை வரும்படியும் அமைப்பார்கள்.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. பைபாஸ் செய்பவர் கண்ணுக்குத் தெரிவது, நின்றுபோன இயந்திரமும் திட்டும் மேனேஜரும்தான். தொட்டிக்குள் இறங்கியிருக்கும் துப்புரவுப் பணியாளர் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால்தான் அந்த முடிவை அவர் ஒருவரிடம் மட்டும் விடுவதில்லை.

தொழிற்சாலைகளில் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. இயந்திரத்துக்குள் இறங்கிப் பழுதுபார்ப்பவர், அதன் மின்சுவிட்சை ஆஃப் செய்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். மூன்று பேர் உள்ளே போனால் மூன்று பூட்டு. மூவரும் வெளியே வந்து அவரவர் பூட்டைக் கழற்றினால்தான் இயந்திரம் ஓடும். கம்ப்யூட்டர் இல்லை, மென்பொருள் இல்லை. உயிர் யாருடையதோ சாவியும் அவரிடம்.

உங்கள் கட்டடத்தில் கேட்க ஐந்து கேள்விகள்

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைக் கேட்கலாம்.

1. ஜெனரேட்டருக்கு சேஞ்ச் ஓவர் சுவிட்சோ, ஏ.எம்.எஃப். பேனலோ இருக்கிறதா? வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்தாலும் அதன் வழியாகத்தான் இணைக்கவேண்டும் என்பது வாட்ச்மேன், எலெக்ட்ரீஷியன் இருவருக்கும் தெரியுமா?

2. லிஃப்ட் சர்வீஸுக்கு வருபவர், ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகராமல் நிற்கிறதா என்று சோதித்து எழுதிக்கொடுக்கிறாரா?

3. சம்ப் மோட்டார் கன்ட்ரோலரில் முறுக்கிய ஒயர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதியிலிருந்து?

4. எந்தப் பழுதுக்காவது ‘இப்போதைக்கு’ என்று ஒன்றைக் கழற்றினால், அதை எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கிறதா? அதில் திரும்ப மாட்டவேண்டிய தேதியும் இருக்கிறதா?

5. லிஃப்ட் குழியிலோ மோட்டார் அறையிலோ ஒருவர் வேலை செய்யும்போது, மெயினைப் பூட்டி அவரிடமே சாவியைக் கொடுக்கிறோமா?

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. நோட்டு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு பூட்டு வாங்க இன்னும் கொஞ்சம் ஆகும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாகவே கேட்டுவிடுவது நல்லது. புயல் ஓய்ந்த மறுநாள், பில்லர் பாக்ஸைத் திறக்கப்போகும் அந்த ஊழியருக்கு உங்கள் கட்டடத்தில் யாரையும் தெரியாது. உங்களை நம்பித்தான் அவர் கை வைக்கப்போகிறார்.